எட்டுக் கரண்டி

எங்கள் நீர்வேலியில் பதினாறு வருடம், வீடு வீடாகப் போய்ப் பிள்ளைத்தாய்ச்சிகளையும் குழந்தைகளையும் பார்க்கிற குடும்பநல மாதுவாக வேலை செய்தவரை நாங்கள் ஒருவரும் பெயர் சொல்லிக் கூப்பிட்டதில்லை. மிஸ்ஸி என்றால் அவர்தான். மாற்றலாகிப் போய் நாலு வருடமாகிறது. இப்போது ஒரு பிள்ளை அந்த வேலைக்கு வந்திருக்கிறது. நல்ல பிள்ளை, கெட்டிக்காரி. ஆனால் அதை நாங்கள் "புது மிஸ்ஸி" என்றுதான் சொல்கிறோம். இன்னும் பத்து வருடம் போனாலும் அது புது மிஸ்ஸிதான் என்று நினைக்கிறேன், பாவம்.

எங்கள் மிஸ்ஸி ஒரு வீட்டுக்குள் வருகிற விதமே தனி. படலையைத் திறந்து ஸ்கூட்டியை நிழலில் விட்டதும், அவருக்கென்று விறாந்தையில் இழுத்துப் போட்ட கதிரையைத் திரும்பியும் பார்க்காமல் நேரே குசினிக்குள் போய்விடுவார். பிள்ளைத்தாய்ச்சி பின்னால் ஓடுவாள். மிஸ்ஸி ஒவ்வொரு சட்டியாக மூடியைத் தூக்குவார்.

"இதென்ன, முருங்கையிலை வறையோ? கொஞ்சம் போடு பாப்பம்."

போட்டதைச் சாப்பிடுவார். சாப்பிட்டபடியே தலைச்சுற்று இருக்கிறதா, இரும்புச்சத்துக் குளிசை போடுகிறாளா, மாமியார் கிணற்றில் தண்ணீர் அள்ளச் சொல்கிறாரா என்று எல்லாம் கேட்டு முடித்துவிடுவார். அரசாங்கம் தந்த படிவத்தில் 'போசாக்கு' என்று ஒரு கட்டம் இருக்கிறது. அதை அவர் நிரப்பியது நாக்கால்தான்.

"கீரை சாப்பிடுறியோ எண்டு கேட்டால் எல்லாரும் ஓம் எண்டுதான் சொல்லுவினம் பிள்ளை," என்று எனக்கு ஒரு நாள் சொன்னார். "குசினிக்கை போய் ஒரு வாய் திண்டு பாத்தால்தான் ஆர் சாப்பிடுறா, ஆர் பாத்துக்கொண்டிருக்கிறா எண்டு தெரியும்."

நான் அப்போது எங்கள் தாய்மார் குழுவில் இருந்தேன். வீடு ஒழுங்கை முகப்பில் இருந்ததால் மாதம் ஒரு முறை கிளினிக் எங்கள் விறாந்தையில்தான் நடக்கும். தராசைத் தொங்கவிடுவதும், குழந்தைகளை வரிசைப்படுத்துவதும், வாய் காட்டுகிற மாமிமாருக்கு வாய் காட்டுவதும் என் வேலை. கடைசி வேலையை நான் மனமொப்பிச் செய்தேன்.

எந்த வீட்டிலும் எதையும் மிஸ்ஸி வேண்டாமென்று சொன்னதில்லை. ஒரு நாளைக்கு எட்டு வீடு, பத்து வீடு போவார். எட்டுத் தேத்தண்ணி, ஒவ்வொன்றுக்கும் மூன்று கரண்டி சீனி. அதோடு புட்டோ, அரியதரமோ, வாழைக்குப் பேர்போன நீர்வேலி என்றபடியால் கட்டாயம் இரண்டு வாழைப்பழம். கடைசியில் நூற்றிப் பதினெட்டுக் கிலோவுக்கு வந்துவிட்டார். ஸ்கூட்டியில் அவர் இருந்தால் பின்னுக்கு ஒரு பை வைக்கத்தான் இடமிருக்கும். யாராவது உடம்பைப் பற்றிச் சொன்னால் கோபிக்க மாட்டார். "இந்த உடம்பிலை எல்லா வீட்டுக்கும் பங்கிருக்கு. உங்கடை பங்கு இந்தக் கைச்சதை," என்று கையைத் தட்டிக் காட்டுவார்.

அவர் எங்கும் சாப்பிட்டது எவ்வளவு பெரிய விஷயம் என்பதைச் சொல்வதற்கு, எங்கள் ஒழுங்கை முடிகிற இடத்தைப் பற்றிச் சொல்லியாக வேண்டும். வாழைத்தோட்டங்களுக்கு அப்பால் பன்னிரண்டு வீடுகள். சாதியில் குறைவு என்று ஊர் தள்ளி வைத்த ஆட்களின் வீடுகள். இப்போது யாரும் வெளியில் அப்படிச் சொல்வதில்லை; காலம் மாறிவிட்டது என்று எல்லோரும் பேசிக்கொள்கிறோம். கிராம அலுவலரும் போவார், நிவாரணம் கொடுக்கிற சமுர்த்திக்காரரும் போவார். கதிரையின் நுனியில் இருப்பார்கள். தேத்தண்ணி வந்ததும், "ஐயோ வேண்டாம், இப்பதான் குடிச்சிட்டு வாறன்," என்பார்கள். பத்து வீடு போனாலும் பத்திலும் இப்போதுதான் குடித்திருப்பார்கள். அந்த வசனத்தின் பொருள் கொடுப்பவருக்கும் தெரியும், மறுப்பவருக்கும் தெரியும். நானும் சொல்லியிருக்கிறேன். ஒரு தடவை அல்ல. எழுதும்போது இப்போதும் கூச்சமாக இருக்கிறது.

மிஸ்ஸி வந்த முதல் வாரமே அங்கே பாக்கியமக்காவின் குசினிக்குள் போய்ப் பலகையைப் போட்டு இருந்து, பழஞ்சோறு கேட்டு வாங்கிச் சாப்பிட்டாராம். அந்தக் கதை ஊரெல்லாம் உலாவியது. பாக்கியமக்கா லேசில் யாரையும் புகழ்கிறவர் அல்லர். "சாப்பிட்டிட்டு உப்புக் காணாதெண்டு வேறை சொன்னவ," என்று மட்டும் சொன்னார். அதற்குப் பிறகு அந்தப் பன்னிரண்டு வீட்டிலும் ஒரு பிள்ளைக்காவது தடுப்பூசி தவறியதில்லை.

இப்படிப்பட்டவருக்கு முழங்கால் இரண்டும் போயின. சலரோகம், பிறசர், நாலு படி ஏறினால் மூச்சு வாங்கல். இப்படியே போனால் இரண்டு வருடத்தில் கதிரையில் இருந்து செய்கிற வேலைதான் பார்க்க வேண்டும் என்று டொக்டர் சொல்லிவிட்டார். அன்று எங்கள் விறாந்தையில் இருந்து மிஸ்ஸி அழுததைப் பார்த்தேன். "வீடு வீடாப் போகாமல் நான் என்ன மிஸ்ஸி பிள்ளை?"

வயிற்றைச் சிறிதாக்குகிற ஒப்பரேசனுக்கு அவர் ஒத்துக்கொண்டது அதற்காகத்தான். வடிவுக்கு அல்ல. கொழும்பில் செய்தார்கள். அவருடைய புருஷனுக்கும் எனக்கும் மட்டும்தான் தெரியும். மற்ற எல்லோருக்கும் பித்தப்பையில் கல் என்று சொல்லச் சொன்னார்.

"ஏன் மிஸ்ஸி, களவே எடுத்தனீங்கள்?"

"ஊருக்கெல்லாம் இதைத் தின் அதைத் தின்னாதை எண்டு சொல்லுறவ, தன்ரை வாயைக் கட்டேலாமல் வயித்தை வெட்டினவ எண்டு சிரிப்பினம். என்ரை சொல்லை ஒருத்தரும் கேளாயினம்."

தலையில் அடித்துச் சத்தியம் வாங்கினார். என் தலையில்.

இரண்டு மாத லீவு முடிந்து வந்தபோது அவருடைய வயிறு, அவரே சொன்ன கணக்கில், ஒரு கதலி வாழைப்பழம் அளவு. "நீர்வேலிக்காரருக்கு விளங்கிற மாதிரிச் சொல்லுறன்," என்றார். ஒரு வேளைக்கு எட்டுக் கரண்டி சாப்பாடு. ஒன்பதாவது கரண்டி நெஞ்சுக்குள் நின்றுவிடும். சாப்பாட்டுக்கு அரை மணித்தியாலம் முன்னும் பின்னும் தண்ணீர் குடிக்கக் கூடாது. அந்த எட்டுக் கரண்டியும் கீட்டோ முறைப்படி இருக்க வேண்டும். ஆஸ்பத்திரியில் உணவு ஆலோசனை சொல்கிற பெண் எழுதிக் கொடுத்த தாளை எனக்குக் காட்டினார். சோறு, புட்டு, இடியப்பம், பாண், கிழங்கு, வாழைப்பழம், சீனி எல்லாம் சிவப்பு மையால் வெட்டியிருந்தது. முட்டை, மீன், நண்டு, இறால், கீரை, தேங்காய்ப்பால் மிஞ்சியிருந்தன.

மிஸ்ஸியின் வீடு யாழ்ப்பாணக் கடலோரத்துக் கொழும்புத்துறையில். புருஷன் கடலுக்குப் போகிறவர். "பாத்தியே பிள்ளை," என்றார், "வெட்டினதெல்லாம் நீர்வேலி, மிஞ்சினதெல்லாம் கொழும்புத்துறை."

அதை அவர் சிரித்துத்தான் சொன்னார். ஆனால் வேலை செய்வது நீர்வேலியில் அல்லவா. முதல் கிழமை ஒருமாதிரிச் சமாளித்தார். வாழைப்பழத்தை, "கொண்டுபோய்ச் சாப்பிடுறன்," என்று பையில் போட்டுக்கொண்டு வந்து என் வீட்டில் கொட்டுவார். சொந்த வாழைத்தோட்டம் வைத்திருக்கிற வீட்டுக்கு ஊரார் வாழைப்பழம் வந்து சேர்ந்தது. என் புருஷன் கேட்டார், "என்னப்பா, எங்கடை குலை காணாதெண்டோ?" தின்பண்டம் என்றால் ஒரு கடதாசியில் சுற்றி வாங்கிக்கொள்வார். தேத்தண்ணியைத்தான் பையில் போட முடியாது.

சீனியின் வேலை என்னவென்று என் வீட்டில்தான் கண்டோம். என் மகனின் பிறந்தநாளுக்குப் பாயாசம் காய்ச்சியிருந்தேன். "பிள்ளையின்ரை பிறந்தநாளுக்கு மாட்டனெண்டு சொல்லக்கூடாது," என்று மூன்று கரண்டி குடித்தார். பத்து நிமிடத்தில் முகம் வெளிறி, உடம்பெல்லாம் வேர்த்து, நெஞ்சு படபடவென்று அடிக்க என் கட்டிலில் சரிந்துவிட்டார். கதலிப்பழ வயிற்றால் இனிப்பைத் தாங்க முடியாதாம். அரை மணித்தியாலம் அவருடைய கையைப் பிடித்தபடி இருந்தேன். எழும்பியதும் முதலில் சொன்னது, "பாயாசம் நல்லா இருந்தது." அதற்குப் பிறகு இனிப்பென்றால் அவருக்குப் பயம் பிடித்துவிட்டது.

அடுத்த செவ்வாய்க்கிழமை பாக்கியமக்கா வீட்டுக்குப் போனோம். நானும் போனேன், ஸ்கூட்டியில் இப்போது எனக்கு இடமிருந்தது. பாக்கியமக்காவின் மருமகள் சுகந்திக்கு ஏழரை மாதம். முதல் பிள்ளை ஏழாம் மாதத்தில் வயிற்றிலேயே இறந்து போனது. இந்த முறையும் பிறசர் ஏறத் தொடங்கியிருந்ததால் மிஸ்ஸி அவளைக் கண்ணுக்குள் வைத்திருந்தார். கால் வீக்கத்தை அமுக்கிப் பார்த்தார், பிறசர் பார்த்தார், கூடவுமில்லை குறையவுமில்லை என்று முகத்தைச் சுளித்தார்.

பாக்கியமக்கா தட்டத்தோடு வந்தார். மிஸ்ஸி ஒப்பரேசன் முடிந்து முதல்முறை வருகிறார் என்று பயத்தம் பணியாரம் சுட்டு, பாலும் சீனியும் தாராளமாகப் போட்டுத் தேத்தண்ணி ஊற்றியிருந்தார். மிஸ்ஸி தேத்தண்ணியைப் பார்த்தார். பாயாசம் ஞாபகம் வந்திருக்க வேண்டும். கை பின்னுக்குப் போனது.

"வேண்டாமக்கா, இப்பதான் குடிச்சிட்டு வாறன்."

ஆயிரம் சாட்டு இருந்தது. வயிற்றுக்குச் சரியில்லை என்றிருக்கலாம், டொக்டர் மறித்தார் என்றிருக்கலாம். பதினைந்து வருடமாக அவர் காதில் விழுந்து விழுந்து பழகிய வசனம்தான் நாக்கில் வந்தது. பாக்கியமக்கா, "ஓம், உங்களுக்கு நேரமில்லைத்தானே," என்று தட்டத்தைத் திரும்ப எடுத்துக்கொண்டு போனார். பதினெட்டுக் கிலோ மெலிந்து, புதுச் சட்டை தைத்துப் போட்டு, ஆள் வேறு மாதிரி வந்திருந்த நாளில் அது நடந்தது.

அடுத்த கிளினிக்குக்குச் சுகந்தி வரவில்லை. மிஸ்ஸி போய்ப் பார்த்தார். படலை உட்பக்கமாகக் கம்பியால் கட்டியிருந்தது. "அவள் தாய் வீட்டை போயிட்டாள்," என்று உள்ளேயிருந்து குரல் மட்டும் வந்தது. கொடியில் சுகந்தியின் ஈரச்சட்டை காய்ந்துகொண்டிருந்தது. மூன்று நாள் கழித்து மறுபடி போனார்; குரலும் வரவில்லை. பிறசர் ஏறுகிற பிள்ளைத்தாய்ச்சியைப் பத்து நாள் பார்க்காமல் விடுவது என்றால் என்னவென்று எனக்கே தெரியும். மிஸ்ஸிக்குச் சொல்லத் தேவையில்லை. அந்த நாட்களில் எட்டுக் கரண்டியும் அவருக்கு இறங்கவில்லை.

என்னை அனுப்பினார். எனக்குப் படலை திறந்தது, ஆனால் வாசலோடு சரி.

"பதினைஞ்சு வருசம் எங்கடை கோப்பையிலை குடிச்ச மனுசி," என்றார் பாக்கியமக்கா. "உவவுக்கும் இப்பதான் விளங்கியிருக்குப் போலை, நாங்கள் ஆரெண்டு. மெலிஞ்சு வடிவா வந்தோடனை சாதியும் வந்திட்டுது. என்ரை வீட்டுத் தண்ணி தொடாதவ என்ரை மருமோளின்ரை வயித்தையும் தொட வேண்டாம். பெரியாஸ்பத்திரிக்குத் திகதி வரேக்கை நாங்களே கூட்டிக்கொண்டு போவம்."

"அப்பிடியில்லையக்கா," என்றேன்.

"அப்ப எப்பிடி?"

சத்தியம் என் தலையில் இருந்தது. வாயை மூடிக்கொண்டு வந்தேன். என் வாழ்க்கையில் வாயை மூடி நான் செய்த ஒரே பிழை அதுதான். பின்னுக்கு அறை வாசலில் சுகந்தி நின்றாள். நெற்றியைக் கையால் பொத்திக்கொண்டிருந்தாள்.

அதையும் மிஸ்ஸியிடம் சொன்னேன். "தலையிடிக்குதோ அவளுக்கு?" என்று எழும்பிவிட்டார். ஸ்கூட்டியை எடுத்த வேகத்துக்கு நான் பின்னால் ஏறியதே அதிசயம்.

காலை ஒன்பது மணி இருக்கும். பன்னிரண்டு வீட்டுக்கும் பொதுவான தண்ணீர்க் குழாய் பாக்கியமக்கா வீட்டுப் படலைக்கு எதிரில்தான். ஏழெட்டுப் பெண்கள் குடத்தோடு நின்றார்கள். மிஸ்ஸி படலையில் தட்டினார். சத்தமில்லை. திரும்பவும் தட்டினார். பிறகு படலைக்கு மேலால், குழாயடிக்கும் கேட்கக்கூடிய குரலில் சொன்னார்:

"பாக்கியமக்கா, எனக்குப் பித்தப்பையிலை கல்லில்லை. நான் திண்டு கொழுத்து, வயித்தை வெட்டி எடுத்தனான்."

குழாயடியில் நீர் நிறைந்து வழிந்தது, ஒருவரும் பூட்டவில்லை. மிஸ்ஸி நிறுத்தவில்லை. சீனி பட்டால் மயக்கம் வரும், சோறு இறங்காது, எட்டுக் கரண்டிக்கு மேல் ஏலாது, வெட்கத்தில் பொய் சொன்னேன், அந்தப் பொய்யைச் சொல்லியிருக்கக் கூடாது என்று எல்லாவற்றையும் சொன்னார். எதை ஊர் அறியக் கூடாது என்று என் தலையில் அடித்தாரோ, அதை அவரே ஊர்க் குழாயடியில் ஒப்புவித்துக்கொண்டிருந்தார்.

கம்பி கழன்றது. பாக்கியமக்கா படலையைப் பாதி திறந்து, மிஸ்ஸியை மேலும் கீழும் பார்த்தார்.

"வெட்டினதைக் காட்டுங்கோ."

மிஸ்ஸி படலைக்கு உள்ளே போய்ச் சட்டையைச் சற்றே உயர்த்தினார். சிறிய தழும்புகள், ஐந்து. பாக்கியமக்கா குனிந்து ஒவ்வொன்றாகப் பார்த்தார்.

"வெட்டி எடுத்ததுக்கை எங்கடை வீட்டுச் சாப்பாடும் போயிட்டுதோ?"

"ஓமக்கா. உங்கடைதான் கூட."

அந்த மனுசிக்கு அப்போது வந்த சிரிப்பை நான் அதற்கு முன்னும் பார்த்ததில்லை, பின்னும் பார்த்ததில்லை. ஆனால் சிரித்து முடிக்க நேரமிருக்கவில்லை. மிஸ்ஸி உள்ளே போய்ச் சுகந்தியின் கையில் பிறசர் பட்டியைச் சுற்றினார். நூற்றி எழுபதுக்கு நூற்றிப் பத்து. கண்ணுக்கு முன்னால் பூச்சி பறக்கிற மாதிரி இருக்கிறது என்றாள் பிள்ளை. மிஸ்ஸி ஒரு சொல் அதட்டவில்லை. அம்புலன்சுக்குச் சொல்லிவிட்டு, அவளை இடப்பக்கம் சரித்துப் படுக்க வைத்து, வண்டி வரும்வரை முதுகைத் தடவிக்கொண்டே இருந்தார். ஏறும்போது தானும் ஏறிக்கொண்டார். அன்று மாலையே வயிற்றை வெட்டிப் பெண்பிள்ளை எடுத்தார்கள். ஒன்றே முக்கால் கிலோ. இன்னும் ஒரு நாள் பிந்தியிருந்தால் இரண்டு உயிருக்கும் உறுதி சொல்ல முடியாது என்று அங்கே சொன்னார்களாம். பிள்ளை மூன்று கிழமை கண்ணாடிப் பெட்டிக்குள் இருந்து தேறி வந்தது.

ஊர் சிரிக்கத்தான் செய்தது, ஒரு கிழமை. அதற்குப் பிறகு மாமிமார் கிளினிக்கில் வந்து, தங்கள் மருமகள்மாரை விட்டுவிட்டு, தங்களுடைய எடையைப் பார்க்கச் சொல்லத் தொடங்கினார்கள். சொல்லைக் கேட்க மாட்டார்கள் என்று பயந்தவரிடம் வரிசையில் நின்று கேட்டார்கள்.

மிஸ்ஸி மத்தியானச் சாப்பாடு கட்டிக்கொண்டு வருவதை நிறுத்தினார். அந்த எட்டுக் கரண்டியையும் வீடுகளுக்குப் பிரித்தார். ஒரு வீட்டில் ஒரு கரண்டி கீரை, ஒரு வீட்டில் பாதி முட்டை, இன்னொரு வீட்டில் ஒரு விரல் நீள மீன் துண்டு. புருஷன் விடியக் கொண்டுவந்த நண்டை அவித்துக் கொடுத்தாலும், "இஞ்சை திண்டால் அங்கை வேண்டாமெண்டு சொல்லவேண்டி வரும்," என்று பகலில் தொட மாட்டாராம். நாளுக்கு எட்டு வீடு என்று கணக்குப் பண்ணி, நான் வீட்டுக்கு ஒரு கரண்டி என்று கேலி செய்வேன். "உன்ரை வீட்டுக்கு அரைக் கரண்டிதான்," என்பார்.

சுகந்தியின் பிள்ளைக்குப் பிறப்புத் துடக்குக் கழித்து வீட்டில் விருந்து வைத்த நாள் நானும் மிஸ்ஸியோடு போயிருந்தேன். பிள்ளை வீட்டுக்கு வந்து சேர்ந்ததே பெரிய காரியம் என்று பாக்கியமக்காவுக்குத் தலைகால் தெரியாத சந்தோசம். மிஸ்ஸிக்குச் சோறில்லை, சீனியில்லை என்பதெல்லாம் பாடமாக வைத்திருந்தார். ஆனால் அளவை மறந்துவிட்டார். ஒரு முழு விளைமீன் பொரியல், இரண்டு முட்டை, முருங்கையிலை வறை என்று தட்டை நிரப்பி முன்னால் வைத்துவிட்டு, சேலைத் தலைப்பில் கையைத் துடைத்தபடி நின்றார்.

மிஸ்ஸி மெதுவாகச் சாப்பிட்டார். மீனில் ஒரு பக்கம், வறையில் மூன்று கரண்டி, முட்டையில் பாதி. பிறகு கையை நிறுத்தினார். ஏலவில்லை என்று எனக்குத் தெரிந்தது. பாக்கியமக்காவின் முகம் கொஞ்சம் வாடியது. நான் தட்டை எடுக்கக் கையை நீட்டினேன்.

"கொட்டாதை," என்றார் மிஸ்ஸி. "அக்கா, உந்தத் தட்டை மூடி வையுங்கோ. பின்னேரம் வந்து மிச்சத்தைச் சாப்பிடுறன்."

"எச்சில் தட்டு மிஸ்ஸி. வந்தால் நான் சூடா வேறை பொரிச்சுத் தாறன்."

"வேறை எனக்கென்னத்துக்கு? உது என்ரை தட்டு."

முகத்துக்காகச் சொல்கிறார் என்று நான் நினைத்தேன். பாக்கியமக்காவும் அப்படித்தான் நினைத்திருப்பார். இருந்தாலும் தட்டை இன்னொரு தட்டால் மூடி, பூனை எட்டாத இடத்தில் வைத்தார். மிஸ்ஸி மற்ற வீடுகளைப் பார்க்கப் போக, நான் பாத்திரம் கழுவ உதவியாக அங்கேயே நின்றுவிட்டேன். மூன்று மணிக்கு யாரோ அதைத் தொடப் போக, "அது மிஸ்ஸியின்ரை," என்று பாக்கியமக்கா சத்தம் போட்டார். நாலு மணியிலிருந்து படலைப் பக்கம் போவதும் வருவதுமாக இருந்தார். கேட்டால் கோழியைப் பார்க்கிறேன் என்றார்.

ஐந்தேகாலுக்கு ஸ்கூட்டி வந்து நின்றது. அலுத்துக் களைத்து, முகமெல்லாம் தூசியோடு மிஸ்ஸி இறங்கினார்.

"எங்கையக்கா என்ரை தட்டு?" என்று கேட்டார்.